அல்லிக் குளம் வளர்த்த ஓவியர்



காலையில் துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்ட வெள்ளைச் சட்டையை, மாலையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். காலர் ஓரத்தில் மெல்லிய சாம்பல் நிறத் தூசி படிந்திருக்கும். ஜன்னல் ஓரத்துத் துளசி இலையைத் தடவினால் விரல் கறுத்துப் போகும். துறைமுகம், தொழிற்சாலைகள், வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள்... இவற்றுக்கு நடுவில் தானே நம் வாழ்க்கை!

இந்த ஊரில் யாராவது வீட்டுக் கொல்லையில் அல்லிக் குளம் வெட்டப் போகிறேன் என்றால், நாம் சிரித்து விடுவோம். வேலை தொடங்கினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இரண்டே மாதத்தில் தூசியும், பாசியும், கொசுவும் தான் மிஞ்சும் என்போம்.

இதே சிக்கல்கள் எல்லாம் வந்தும், தன் வீட்டுக்கு எதிரே அல்லிக் குளம் வெட்டி, 30 ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பார்த்துப் பார்த்துப் பராமரித்த ஒருவரின் கதையைத் தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் நம்மைப் போலவே துறைமுக ஊரில் வளர்ந்தவர். அவர் பிறந்த நாள் நவம்பர் 14. ஆமாம், நாம் குழந்தைகள் தினம் கொண்டாடும் அதே நாள் தான்!

அவர் பெயர் கிளாட் மோனே. பிரான்ஸ் நாட்டின் புகழ் பெற்ற ஓவியர்.

துறைமுகத்துப் பையன்

மோனே 1840ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயது ஆனபோது குடும்பம் லெ ஹாவ்ர் என்ற துறைமுக நகருக்குக் குடியேறியது. சென் நதி கடலில் கலக்கும் இடம் அது. அவருடைய அப்பா, உறவினரின் மொத்த மளிகை வியாபாரத்தில் வேலை பார்த்தார். கப்பல்களுக்குச் சாமான்கள் அனுப்பும் வியாபாரம் அது. ஆகவே பையன் கண் விழித்தால் கப்பல், காதில் விழுவது சங்கொலி, மூக்கில் ஏறுவது உப்புக் காற்று.

பள்ளிக்கூடத்தில் அவன் சமர்த்துப் பிள்ளை அல்ல. பாட நோட்டின் ஓரங்களில் ஆசிரியர்களைக் கேலியாகப் படம் வரைந்து கொண்டிருப்பான். நானும் ஆசிரியராக இருந்தவன் தான். என் மாணவன் என்னை அப்படி வரைந்திருந்தால் நோட்டைப் பிடுங்கியிருப்பேன். ஆனால், அந்தக் கேலிச் சித்திரங்கள் ஊருக்குள் பிரபலமாகி விட்டன. சட்டம் போடும் கடையின் கண்ணாடி அலமாரியில் அவை வைக்கப்பட்டன. படத்துக்குப் பத்து, இருபது பிராங்க் என்று பணம் கூடக் கிடைத்தது.

அதே கடையில் தன் ஓவியங்களை வைத்திருந்த யூஜின் பூதன் என்ற ஓவியர், இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டு கொண்டார். கேலிப் படத்தோடு நின்று விடாதே என்று அவனைக் கடற்கரைக்கும் வயல்வெளிக்கும் அழைத்துப் போனார். அந்தக் காலத்து ஓவியர்கள் பெரும்பாலும் அறைக்குள் உட்கார்ந்து தான் படத்தை முடிப்பார்கள். வெளியில், வெயிலில், காற்றில் நின்று வானத்தையும் நீரையும் பார்த்தபடியே தீட்டும் பழக்கத்தை பூதன் தான் மோனேக்குக் காட்டினார்.

ஏறத்தாழ அதே சமயம் நம் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? 1856ல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை புகை கக்கிக் கொண்டு ஓடியது. அப்போது மோனேக்கு 15 வயது.

கேலியில் பிறந்த பெயர்

மோனேக்கு 16 வயதில் அம்மா இறந்து போனார். அத்தை ஒருவர் தான் ஆதரவாக இருந்தார். பிறகு பாரிசுக்குப் போய் ஓவியம் படித்தார். அங்கே ரெனுவார், பசீல், சிஸ்லே என்று நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள். ஆனால், பணம் தான் கிடைக்கவில்லை. மனைவி கமீல், கைக்குழந்தை என்று குடும்பம் ஆன பிறகு, ரொட்டி வாங்கவும் வழி இல்லாத நாட்கள் வந்தன. நண்பர் ரெனுவார் தன் வீட்டு ரொட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

1872ல் மோனே, தான் வளர்ந்த லெ ஹாவ்ர் துறைமுகத்தை விடியற்காலையில் பார்த்து ஒரு படம் தீட்டினார். பனி மூட்டம், கப்பல்களின் நிழல், தூரத்தில் புகை, நடுவே ஆரஞ்சுப் பழம் போல் ஒரு சூரியன். கோடுகள் தெளிவாக இருக்காது. பார்த்த நொடியில் மனத்தில் பதிந்ததை அப்படியே தீட்டியிருந்தார். அதற்குச் சூரிய உதயம் பற்றிய ஒரு மனப்பதிவு என்ற பொருளில் பெயர் வைத்தார்.

1874ல் நண்பர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் அந்தப் படம் வைக்கப்பட்டது. பத்திரிகை விமர்சகர் ஒருவர் அந்தப் பெயரையே பிடித்துக் கொண்டு, முடிக்காத படம் என்று கிண்டல் செய்தார். அந்தக் கிண்டல் சொல்லில் இருந்து தான் 'இம்ப்ரஷனிசம்' என்ற பெயர் உலகம் முழுவதும் பரவியது. இன்று ஓவியப் பாடப் புத்தகம் எதைத் திறந்தாலும் அந்தப் பெயர் இருக்கும்.

1879ல் மனைவி கமீல் நோயில் இறந்தார். மோனேயிடம் இரண்டு மகன்கள். அவருக்குப் பழக்கமான இன்னொரு குடும்பம், வியாபாரத்தில் நொடித்துப் போய் அவர்களோடு சேர்ந்து வாழ்ந்தது. அந்தக் குடும்பத்துத் தாய் அலிஸ், தன் ஆறு பிள்ளைகளோடு இந்த இரு பையன்களையும் வளர்த்தார். பிற்பாடு, 1892ல் மோனேயும் அலிசும் திருமணம் செய்து கொண்டார்கள்.

வாடகை வீட்டில் ஒரு தோட்டம்

எட்டுப் பிள்ளைகளோடு 1883ல் மோனே ஜிவெர்னி என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். பாரிசில் இருந்து சுமார் 75 கி.மீ. தூரம். வாடகை வீடு தான். ஆனாலும் வந்த உடனேயே மண்ணைக் கொத்தி விதை போட ஆரம்பித்து விட்டார். பிள்ளைகளும் களை பறித்தார்கள். மாலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, படங்கள் விற்க ஆரம்பித்த பிறகு, 1890ல் அந்த வீட்டைச் சொந்தமாக வாங்கினார்.

வீட்டுக்கு முன்னால் இருந்த பூந்தோட்டம் நன்றாக வளர்ந்தது. ஆனால், மோனேக்குத் தண்ணீர் வேண்டும். துறைமுகத்துப் பையன் அல்லவா? நீரில் வானம் தெரிவதைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

1893ல் எதிர்ப்புறம் ஒரு துண்டு நிலம் விலைக்கு வந்தது. அதில் ஒரு சின்னக் குட்டை. பக்கத்தில் எப்த் நதியில் இருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்கால். ஆனால், வீட்டுக்கும் அந்த நிலத்துக்கும் நடுவே சாலையும் ரயில் பாதையும் இருந்தன! தண்டவாளத்தைத் தாண்டித் தான் குளத்துக்குப் போக வேண்டும். நம் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் கேட் மூடித் திறக்கும் வரை சைக்கிளோடு நின்ற பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது.

ஊர் எதிர்த்தது

வாய்க்கால் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்ப வேண்டும் என்றால் அரசு அனுமதி வேண்டும். மோனே விண்ணப்பம் போட்டார். ஊரே எதிர்த்தது!

ஏன் தெரியுமா? அந்த வாய்க்காலில் தான் ஊர்ப் பெண்கள் துணி துவைத்தார்கள். மாடுகள் தண்ணீர் குடித்தன. எங்கிருந்தோ வரவழைக்கும் அந்நியச் செடிகளை இவர் குளத்தில் நட்டால், தண்ணீர் விஷமாகி விடும் என்று பயந்தார்கள். குளத்துக்குத் திருப்பினால் வாய்க்கால் வற்றிப் போகும் என்றும் சொன்னார்கள்.

மோனேக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாங்கிய நீர்ச்செடிகளை ஆற்றில் வீசி விடலாமா என்று கூட நினைத்தார். ஆனால், கோபம் தணிந்ததும் அதிகாரிக்குப் பொறுமையாகக் கடிதம் எழுதினார். செடிகள் வெறும் அழகுக்கும், படம் தீட்டுவதற்கும் தான் என்றார். தண்ணீரை எப்போதும் திருப்பி வைக்கப் போவதில்லை, அவ்வப்போது திறந்து மூடினால் போதும் என்று விளக்கினார். அதே ஆண்டு அனுமதி கிடைத்தது.

பிள்ளைகளே, அந்த ஊர் மக்களை நாம் முட்டாள்கள் என்று சொல்லக் கூடாது. மோனேயின் அல்லியால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. ஆனால், நம் சென்னைக் கால்வாய்களை மூடிக் கிடக்கும் ஆகாயத் தாமரையை நினைத்துப் பாருங்கள். அதுவும் தென் அமெரிக்காவில் இருந்து பூ அழகாக இருக்கிறதே என்று பல நாடுகளுக்குக் கொண்டு போகப்பட்டது தான்! குளத்தை விட்டுத் தப்பி ஆற்றுக்குள் நுழைந்த பிறகு, அதை இன்று வரை யாராலும் ஒழிக்க முடியவில்லை. தண்ணீர் எல்லோருக்கும் பொது. கேள்வி கேட்க ஊருக்கு உரிமை உண்டு. பொறுமையாகப் பதில் சொல்வது செடி வளர்ப்பவரின் கடமை.

குளத்தில் மலர்ந்த நிறங்கள்

ஐரோப்பாவின் குளிர்காலத்தில் குளத்தின் மேல் பனிக்கட்டி உறைந்து விடும். நம் ஊர் நீல அல்லி அந்தக் குளிரைத் தாங்காது. அங்கே இயற்கையாக வளர்ந்த குளிர் தாங்கும் அல்லி பெரும்பாலும் வெள்ளை நிறம் தான். லத்தூர் மர்லியாக் என்ற பிரெஞ்சுக்காரர், பல நாட்டு அல்லிகளை ஒன்றோடு ஒன்று கலந்து, குளிரைத் தாங்கும் மஞ்சள், இளஞ்சிவப்பு, செந்நிற அல்லிகளை உண்டாக்கினார். ஈபிள் கோபுரம் திறக்கப்பட்ட 1889ஆம் ஆண்டு, பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. மோனே தன் குளத்துக்கு அவரிடம் இருந்து தான் அல்லிகளை வரவழைத்தார்.

குளத்தின் மேல் ஜப்பானிய பாணியில் வளைந்த மரப்பாலம் ஒன்றைக் கட்டினார். தண்ணீர் உள்ளே வரவும் வெளியே போகவும் மதகு வைத்தார். எதற்கு மதகு? அல்லிக்கு ஓடும் தண்ணீர் பிடிக்காது. குளிர்ந்த ஆற்று நீர் வேகமாக உள்ளே வந்தால் அது பூக்காது. அசையாத, வெயிலில் வெதுவெதுப்பான நீர் தான் அதற்கு வேண்டும். மதகைத் திறந்து மூடி, நீரின் சூட்டை அவர் காத்துக் கொண்டார்.

குளம் வெட்டியது 1893ல். ஆனால், அதைத் தொடர்ந்து தீட்ட ஆரம்பித்தது 1899ல் தான். இடைப்பட்ட ஆண்டுகளில் செடிகள் வேர் பிடித்தன, பரவின. அவர் பார்த்துக் கொண்டே இருந்தார். பிறகு 1901ல் பக்கத்து நிலத்தையும் வாங்கிக் குளத்தைப் பெரிதாக்கினார்.

இலையைக் கழுவிய படகு

இப்போது தான் கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

மோனேயிடம் ஆறு, ஏழு தோட்டக்காரர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் குளம் மட்டும் தான் வேலை. தினமும் காலையில் அவர் சின்னப் படகில் ஏறிக் குளத்தில் இறங்குவார். பழுத்த இலைகளையும் வாடிய பூக்களையும் அறுத்து எடுப்பார். பாசியை அள்ளுவார். அல்லி அடர்ந்து குளம் முழுவதையும் மூடி விடாமல், அங்கங்கே வட்ட வட்டமாக நிற்கும்படி செடியைக் குறைப்பார். அப்போது தான் நடுவில் இருக்கும் நீரில் வானமும் மேகமும் தெரியும்.

இன்னொரு வேலையும் உண்டு. அல்லி இலைகளின் மேல் படிந்த தூசியைக் கழுவ வேண்டும்!

ஆமாம், அங்கேயும் தூசி தான். குளத்துக்கும் வீட்டுக்கும் நடுவே போன சாலை அப்போது மண் சாலை. மோட்டார் கார்கள் ஓட ஆரம்பித்த காலம். ஒவ்வொரு கார் போகும் போதும் புழுதி கிளம்பி, இலைகளின் மேல் உட்கார்ந்தது.

தூசி படிந்தால் என்ன, அழகு தானே கெடும் என்று நினைக்கிறீர்களா? அறிவியல் பாடத்தை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். இலை மூச்சு விடுவது இலைத்துளைகள் வழியாக. மா, வேம்பு போன்ற மரங்களின் இலைகளில் இந்தத் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும். அல்லி இலையின் அடிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கிறதே, எப்படி மூச்சு விடும்? அதனால் தான் அல்லிக்கு இலைத்துளைகள் மேல்பக்கம் இருக்கின்றன. மேலே தூசி மூடினால் வெளிச்சமும் குறையும், மூச்சும் திணறும்.

மோனே என்ன செய்தார் தெரியுமா? தினமும் கழுவுவதோடு நிற்கவில்லை. தூசி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து, அந்தச் சாலைக்குத் தார் போட வைத்தார்!

இவர் புகையை வெறுத்தவர் அல்ல. துறைமுகப் புகையைத் தீட்டினார். 1877ல் பாரிஸ் ரயில் நிலையத்தில் இஞ்சின் புகையைத் தீட்டினார். லண்டனுக்குப் போய் தேம்ஸ் நதியின் மேல் கவிந்த புகை மூட்டத்தைத் தீட்டினார். உலகம் எப்படி இருக்கிறதோ அப்படியே பார்க்கத் தெரிந்தவர். ஆனால், தன் பொறுப்பில் இருக்கும் ஒரு இலையின் மேல் தூசி படிந்தால், அதைத் துடைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளம், சாவு, கண்

1908ல் தன் அல்லிப் படங்களின் கண்காட்சிக்கு நாள் குறித்து விட்டு, மனத்துக்குப் பிடிக்கவில்லை என்று 15 படங்களையாவது தானே அழித்து விட்டார். மறுபடியும் உட்கார்ந்து உழைத்தார். அடுத்த ஆண்டு, 1909ல், 48 அல்லிப் படங்களோடு கண்காட்சி நடந்தது.

1910 ஜனவரியில் சென் நதியில் பெரு வெள்ளம். பாரிசே மூழ்கியது. ஜிவெர்னியின் குளமும் தோட்டமும் வெள்ளத்துக்குள் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போது நம் தெருக்களில் நின்ற தண்ணீரையும், எண்ணூர்க் கழிமுகத்தில் மிதந்த எண்ணெய்ப் படலத்தையும் பார்த்தவர்களுக்கு, வெள்ளம் வடிந்த பிறகு தான் உண்மையான வேலை தொடங்கும் என்பது தெரியும். மோனேயும் சேற்றில் இருந்து மீண்டும் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு மனைவி அலிஸ் இறந்தார். 1914ல் மூத்த மகன் இறந்தார். அதே ஆண்டு முதல் உலகப் போர் வந்தது. ஊரில் பலர் ஓடிப் போனார்கள். பீரங்கிச் சத்தம் காதில் விழுந்தது. மோனே குளத்தை விட்டு நகரவில்லை.

இவற்றை எல்லாம் விடப் பெரிய சோதனை, கண்ணில் வந்தது. 1912ல் அவருக்குக் கண்புரை என்று மருத்துவர் சொன்னார். ஓவியருக்குக் கண்புரை! நீலம் சரியாகத் தெரியவில்லை. எல்லாம் மஞ்சளாக, பழுப்பாக மங்கியது. வண்ணக் குழாய்களின் மேல் இருந்த பெயரைப் பார்த்தும், வண்ணங்களை எப்போதும் ஒரே வரிசையில் வைத்துக் கொண்டும் தீட்டினார். பயந்து பயந்து தள்ளிப் போட்டவர், நண்பர் கிளெமென்சோ வற்புறுத்திய பிறகு, 1923ல் தன் 82வது வயதில் வலது கண்ணில் அறுவை சிகிச்சை செய்து கொண்டார். கண்ணாடி அணிந்து மறுபடியும் தூரிகை எடுத்தார்.

யார் இந்த கிளெமென்சோ? போர்க் காலத்தில் பிரான்சின் பிரதமராக இருந்தவர். 1918 நவம்பர் 11ல் போர் நின்றது. மறுநாளே மோனே அவருக்குக் கடிதம் எழுதினார். வெற்றியின் நினைவாகத் தன் ஓவியங்களை நாட்டுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். முதலில் இரண்டு படங்கள் தான் என்றார். அது வளர்ந்து வளர்ந்து, கடைசியில் 22 பெரிய பலகைகள் ஆயிற்று. ஒவ்வொன்றும் 2 மீட்டர் உயரம்!

1926 டிசம்பர் 5ஆம் தேதி, 86வது வயதில் மோனே மறைந்தார். 1927 மே மாதம் பாரிஸ் நகரின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில், முட்டை வடிவிலான இரண்டு கூடங்களில் அந்த ஓவியங்கள் திறந்து வைக்கப்பட்டன. நடுவில் நின்றால், நம்மைச் சுற்றிலும் அல்லிக் குளம். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

கவனிக்க ஆள் இல்லாத குளம்

மோனே போன பிறகு, அலிசின் மகளும் மோனேயின் மருமகளுமான பிளான்ஷ், தோட்டத்தைப் பார்த்துக் கொண்டார். அவரும் ஓவியர் தான். 1947ல் அவர் இறந்ததும் கவனிக்க ஆள் இல்லை. என்ன ஆயிற்று தெரியுமா? களை மண்டியது. குளக்கரை இடிந்து விழுந்தது. மரப்பாலம் இற்றுப் போனது. உலகமே வியந்த குளம், சில ஆண்டுகளில் சேற்றுக் குட்டை ஆகி விட்டது.

1977ல் தொடங்கி, பலர் கொடுத்த நன்கொடையில் குளத்தைத் திரும்ப வெட்டி, பாலத்தைப் புதிதாகக் கட்டி, 1980ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இப்போதும் அங்கே ஒருவர் படகில் போய்ப் பழுத்த இலைகளை எடுக்கிறார்.

ஓவியம் சுவரில் மாட்டி விட்டால் நிற்கும். குளம் அப்படி அல்ல. தினமும் யாராவது பார்த்தால் தான் அது குளம்.

நம் கரையின் பூ

பிரான்ஸ் வரை போய் விட்டோம். திரும்பி நம் ஊருக்கு வருவோம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்திணை படித்திருப்பீர்கள். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். ராயபுரமும், காசிமேடும், திருவொற்றியூரும், எண்ணூரும் நெய்தல் நிலம். அந்த 'நெய்தல்' எது தெரியுமா? அல்லி இனத்தைச் சேர்ந்த ஒரு நீர்ப்பூ! நம் கரைக்கு நம் முன்னோர்கள் ஒரு நீர்ப்பூவின் பெயரைத் தான் வைத்திருக்கிறார்கள். ஆனால், அந்தப் பூவைப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்?

நான் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் வீட்டுப் பின்கட்டில் சும்மா கிடந்த சிமென்ட் தொட்டியில் அல்லி வைத்தேன். முதல் முறை தோற்றேன். ஆற்று மணலையும் பச்சைச் சாணத்தையும் போட்டதில் தண்ணீர் நாறிக் கிழங்கு அழுகியது. கொசுப் புழு நெளிந்தது. பக்கத்து வீட்டு அம்மா சத்தம் போட்டார். அவர் பேத்திக்கு முந்தைய ஆண்டு தான் டெங்கு வந்து பிழைத்திருந்தது. அவர் சொன்னது நியாயம் தானே? தொட்டியைக் கவிழ்த்து விட்டு, ஆறு மாதம் விசாரித்து, மறுபடி வைத்தேன். முதல் பூ விரிந்த அன்று அந்த அம்மாவைத் தான் முதலில் கூப்பிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் யாரும் இல்லாத நாட்களில் தொட்டியைப் பார்த்துக் கொள்வது அவர் தான்.

நீங்களும் அல்லி வளர்க்கலாம்!

* ஒன்றரை அடி ஆழம், இரண்டு அடி அகலம் உள்ள சிமென்ட் அல்லது பிளாஸ்டிக் தொட்டி போதும். தினமும் ஐந்து, ஆறு மணி நேரம் வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

* அகலமான சின்ன மண் தொட்டியில் களிமண் அல்லது வண்டல் மண் நிரப்புங்கள். அடியில் ஒரு பிடி நன்கு மக்கிய பழைய எரு போதும். பச்சைச் சாணம் வேண்டாம்.

* அல்லிக் கிழங்கை நர்சரியில் வாங்குங்கள். ஏரியிலோ, கோயில் குளத்திலோ இறங்கிப் பிடுங்கக் கூடாது. ஆபத்து! கிழங்கின் முளை மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, மேலே சிறு கூழாங்கற்களைப் பரப்புங்கள். மண் கலங்காது.

* இந்த மண் தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். முதலில் கொஞ்சம், இலை நீள நீள அதிகம். நம் பகுதியில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். மழை நீர் நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

* கொசுவுக்கு மருந்து கப்பி மீன். நான்கைந்து விட்டால் புழுக்களைத் தின்று விடும். மீன் விடாமல் தொட்டி வைக்கவே கூடாது.

* முதல் சில வாரம் தண்ணீர் பச்சையாகும். பயந்து முழுவதும் மாற்றாதீர்கள். இலைகள் பாதித் தொட்டியை மூடியதும் தெளிந்து விடும். ஆவியாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் சேருங்கள்.

* ஒரு பூ மூன்று, நான்கு நாள் விரிந்து மூடும். பிறகு தண்ணீருக்குள் அமிழும். அதையும் பழுத்த இலைகளையும் காம்போடு கிள்ளி எடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கிழங்கைப் பிரித்து நண்பருக்குக் கொடுங்கள். மிஞ்சியதைக் கால்வாயில் எறியாதீர்கள்.

* வீட்டில் சின்னத் தம்பி, தங்கை இருந்தால் தொட்டியின் மேல் கம்பி வலை போடும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன், ஒரு குவளைத் தண்ணீரால் இலைகளைக் கழுவுங்கள். இரண்டு நிமிட வேலை. 2011ல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரத்துக் கொடித் துணிகள் கொஞ்சம் வெளுத்தன. அந்தக் கரி எண்ணூர்ப் பக்கம் போனது. எனவே எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு குவளை அதிகம் தேவைப்படும்!

இலையைக் கழுவும் போது, தூசி எங்கிருந்து வருகிறது என்றும் மோனேயைப் போல யோசியுங்கள். நீங்கள் பெரியவர்களாகி, சாலை போடும் பொறியாளராகவோ, தொழிற்சாலை அதிகாரியாகவோ ஆகும் நாளில், அந்த யோசனை உங்களுக்கு உதவும்.

முதல் மொட்டு நீருக்கு மேல் தலை நீட்டும் வரை பொறுமையாக இருங்கள். பூத்ததும் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்ட மறக்காதீர்கள், செல்லங்களே!